போர்டில் எழுதாத ரத்தக்கட்டு

நைனா,

இதை நீ படிக்கும்போது என் மண்டையோட்டில் இரண்டு ஓட்டை போட்டிருப்பார்கள். பதறாதே. சட்டைப் பட்டன் அளவுதானாம். அதன் வழியாக உள்ளே தேங்கியிருக்கும் பழைய ரத்தத்தைக் கழுவி எடுத்துவிட்டு, ஒரு ட்யூபை ஒன்றிரண்டு நாள் செருகி வைத்திருந்து, பிறகு தையல் போட்டு அனுப்பிவிடுவார்கள். ஆவடியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறேன். இதயத்துக்கென்று நான் போட்டுக்கொண்டிருந்த, ரத்தத்தை இளக்கும் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்கள். அதன் வேகம் உடம்பை விட்டுப் போக நாலைந்து நாள் காத்திருக்க வேண்டுமாம். அந்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக இதை எழுதுகிறேன். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க தினமும் ஒரு கூட்டமே வருகிறது. இட்லியும் பேச்சும் அந்தப் பக்கம் போய்விடுகின்றன. நான் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்து எழுதுகிறேன். இடது கைக்குத் தாளைப் பிடிக்க வலு இல்லாததால் எழுத்து ஓடுகிறது. நீ பள்ளிக்கூடத்தில் படித்தபோது உன் கையெழுத்தைக் கோழிக் கிறுக்கல் என்று கேலி செய்த அப்பன் நான்தான். இப்போது நீ என்னைக் கேலி செய்துகொள்ளலாம்.

எனக்கு அடிபட்டது பெரிய கதையெல்லாம் இல்லை. நெமிலிச்சேரி வீட்டின் சமையலறையில் கீழே விழுந்த கரண்டியை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தேன், திறந்து கிடந்த அலமாரிக் கதவின் முனை உச்சியில் இடித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. யாரும் பார்க்கவில்லை. பார்க்க யார் இருக்கிறார்கள்? கொஞ்சம் தேய்த்துவிட்டுக்கொண்டு ரசத்தை இறக்கி வைத்தேன். அதற்கப்புறம் ஒரு மாதம் ஆகியிருக்கும், எதிர் ஃப்ளாட்டில் இருக்கிறதே, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள், மகா என்று பெயர், அவள் என் பின்னாலேயே லிஃப்டிலிருந்து வந்தாள். "அங்கிள், உங்க இடது கால் செருப்பு லிஃப்ட்லயே கெடக்கு. உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டாள். குனிந்து பார்த்தேன். ஒரு காலில் செருப்பு இருந்தது, மறு காலில் இல்லை. கழன்றது எனக்குத் தெரியவே இல்லை. அன்றைக்கே லீவு போட்டுவிட்டு என்னை ஸ்கேனுக்கு இழுத்துக்கொண்டு போனவள் அவள்தான். உனக்கு போன் செய்யவா என்று மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் வேண்டாம் என்றேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமைசாலி. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்து எனக்குப் பாடமே நடத்தினார். குழாயை விட்டு வெளியே வந்த ரத்தம் போக வழியில்லாமல் ஓரிடத்தில் சேர்ந்தால் அதுதான் ரத்தக்கட்டு. தோலுக்கு அடியில் சேர்ந்தால் நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகித் தானே கரைந்துவிடும். சதைக்குள் சேர்ந்தால் வீங்கிக் கல் மாதிரி ஆகும், ஆற வாரக்கணக்காகும். மூக்கின் நடுச்சுவரிலோ காது மடலிலோ சேர்ந்தால் சீக்கிரம் கீறி எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் குருத்தெலும்பு செத்து, வடிவமே கெட்டுவிடும். தலைக்குள் என்றால் அது வேறு விஷயம். மண்டையோட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவில் பீறிடுவது சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். அடிபட்டவன் நடுவில் எழுந்து உட்கார்ந்து டீ கேட்பான், நாமும் சரியாகிவிட்டான் என்று நம்பிவிடுவோமாம். உறைக்கு உள்பக்கம் கசிவதில் வேகமானதும் உண்டு, மெதுவானதும் உண்டு. வயசானால் மூளை சற்றுச் சுருங்கி மெல்லிய ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். லேசாக இடித்தாலே போதும், அதில் ஒன்று கசிய ஆரம்பித்து வாரக்கணக்கில் சொட்டுச் சொட்டாகச் சேரும். ரத்தம் இளக மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் சுலபம். தலைவலி வரும், மறதி வரும், கால் இழுக்கும், குணமே மாறிப்போகும். எனக்கு வந்திருப்பது அந்த ஜாதி. "நேரத்துக்கு வந்துட்டா நடந்து வந்தவங்க நடந்தே வீட்டுக்குப் போயிடுவாங்க" என்று சொல்லிவிட்டு, சமீபத்தில் தலையில் அடி ஏதும் பட்டதா என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன், பிறகுதான் அலமாரிக் கதவைச் சொன்னேன். யோசித்துச் சொல்லப் பார்த்த பொய் இல்லை அது, பழக்கம். இதே கேள்வியை மூன்று வருஷத்துக்கு முன்னால் வேறொரு டாக்டர் கேட்டபோது நான் சொன்ன பதிலும் அதுதான். அன்றைக்குக் கட்டிலில் கிடந்தவள் உன் அம்மா. இந்தக் கடிதமே அதற்காகத்தான். ஆனால் நான் பிரஸ் ஷாப்காரன். எதையும் நேராகச் சொல்ல வராது, முதலில் ஆலையைச் சொன்னால்தான் அது புரியும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் முப்பத்தொரு வருஷம், இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் ஓட்டியது உனக்குத் தெரியும். கேட்டுக்குள் நுழைந்ததும் ஒரு கறுப்பு போர்டு இருக்கும். 'விபத்தில்லா நாட்கள்' என்று மேலே பெயின்ட்டில் எழுதி, கீழே எண்ணை மட்டும் தினமும் சாக்பீஸால் மாற்றுவார்கள். எண் பெரிதாக வளர்ந்தால் எங்கள் ஷாப்புக்கே ஸ்வீட், பாராட்டு, பரிசு எல்லாம் உண்டு. ஒருத்தன் கையை நசுக்கிக்கொண்டு முதலுதவி அறைக்குப் போய்விட்டால் அவ்வளவும் அழிந்து பூஜ்யம் ஆகிவிடும். அதனால் யாரும் போக மாட்டோம். தகடு விரலில் அடித்து நகத்துக்கடியில் ரத்தம் கட்டினால் விண் விண் என்று உயிர் போகும். அதற்கு நான்தான் வைத்தியன். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, லைட்டரில் சிவக்கக் காய்ச்சி, நகத்தின் நடுவில் மெதுவாக வைத்தால் நகம் உருகி ஓட்டை விழும், கறுத்த ரத்தம் குபுக்கென்று வெளியே வரும், வலி அந்த நிமிஷமே அடங்கிவிடும். டாக்டர்களும் அதையேதான் செய்கிறார்களாம், இப்போது கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனால் அவர்கள் சுத்தம் பார்த்து, உள்ளே எலும்பு உடைந்திருக்கிறதா என்று படமும் எடுத்துப் பார்ப்பார்கள். நாங்கள் பார்த்தது போர்டை மட்டும்தான். ஏழுமலை என்று ஒருத்தன் என் மிஷினுக்கு அடுத்த மிஷினில் இருந்தான். "அண்ணாத்தே, சீக்கிரம் கிளிப்பு ஊசி காட்டு, சூப்பர்வைசர் வந்துகினு கீறாரு" என்று விரலை நீட்டினான். காட்டினேன். உள்ளே எலும்பு நொறுங்கியிருந்திருக்கிறது. சீழ் வைத்து, பத்து நாள் கழித்து விரலின் நுனியை எடுக்க வேண்டியதாயிற்று. வீட்டில் கதவிடுக்கில் நசுங்கியது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டான். போர்டு தப்பியது. அந்த வருஷம் எங்களுக்குக் கொடுத்த பரிசு ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர். பத்தாவது முடிக்கும்வரை நீ பள்ளிக்கூடத்துக்குச் சோறு கொண்டுபோனது அதில்தான். ஏழுமலையின் விரல் நுனியைத்தான் உனக்குத் தூக்குக் கைப்பிடியாகக் கொடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது, எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அதே பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். பட்டாபிராமில் கிரிக்கெட் பந்து உன் தொடையில் பட்டு வீங்கிக்கொண்டு வந்தாயே, நினைவிருக்கிறதா? டாக்டரிடம் போகலாம் என்று அம்மா சொன்னாள். நான் தைலத்தைச் சுடச்சுடக் காய்ச்சி, ரத்தக்கட்டைக் கலைக்கிறேன் பேர்வழி என்று இரண்டு வேளையும் அழுத்தி உருவிவிட்டேன். நீ தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாய். அந்த வீக்கம் கல்லாக இறுகி, முட்டியை மடக்க முடியாமல் ஒரு பருவமே விளையாடாமல் போனாய். கடைசியில் பார்த்த டாக்டர் என்னை நிற்க வைத்துத் திட்டினார். புது அடிக்கு முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ், ஓய்வு, இறுக்கமில்லாத கட்டு, காலை உயர்த்தி வைப்பது, அவ்வளவுதான். சூடும் கூடாது, உருவவும் கூடாது, உருவினால் நின்ற ரத்தம் மறுபடி கசியும் என்றார். தலையைத் தலையை ஆட்டினேன். வெளியே வந்து உன்னிடம், உன் எலும்பு அப்படி என்று சொன்னேன். என் தப்பு என்று சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லியிருந்தால் ஒருவேளை எனக்குத் தப்பை ஒப்புக்கொள்ளும் வழக்கம் வந்திருக்கும்.

இனி அம்மாவுக்கு வருகிறேன். இதயத்தில் வால்வு மாற்றிய பிறகு அவள் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட வேண்டும், மாதம் ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். தலையில் எது பட்டாலும், சின்ன அடிதானே என்று விடாமல் உடனே வந்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னபோது நாம் மூன்று பேரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தோம். அதனால்தான் நீ என் போனில் கார் பிடிக்கும் ஆப்பைப் போட்டுக் கொடுத்து, அம்மாவை ஷேர் ஆட்டோவில் மட்டும் ஏற்றாதே என்று சொல்லிவிட்டுப் போனாய். எனக்கு அந்த ஆப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதுகூடப் பொய், அதை எப்படி ஓட்டுவது என்று தெரியவில்லை, உன்னிடம் இரண்டாம் தடவை கேட்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. நீ ஷாலினியைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அம்மாவிடம் போனில் சொல்லிப் படமும் அனுப்பிய அந்த வாரம், அவளுக்கு ஒரு பட்டுப்புடவை எடுக்க வேண்டும் என்று அம்மா என்னைக் கரையான்சாவடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஆமாம், ஷாலினிக்குத்தான். நீ முறையாக வந்து பேசும்போது எடுத்து நீட்டி உன்னைத் திகைக்க வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மயில் கழுத்து நிறம், சின்னக் கரை. கடைக்காரரை ஒரு வழியாக்கித்தான் எழுந்தாள்.

திரும்பும்போது கை காட்டினேன், ஷேர் ஆட்டோ நின்றது. பின் சீட்டில் ஏறினோம். கரையான்சாவடியைத் தாண்டிச் சிறிது தூரத்தில் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, அம்மாவின் தலை மேலே இருந்த இரும்புக் கம்பியில் ணங்கென்று பட்டது. பக்கத்தில் இருந்த பெண்கூட உச்சுக் கொட்டினாள். அம்மா கையை வைத்துப் பார்த்தாள், ரத்தம் இல்லை, கொஞ்சம் புடைத்திருந்தது. ஆவடி ஸ்டேஷனில் இறங்கும்போது, "டாக்டரு தலையில பட்டா வரச் சொன்னாருல்ல, ஒரு எட்டு போயி காட்டிகினு போயிடலாமா?" என்று கேட்டாள். அவள் கேட்டாள், நைனா. நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "இதுக்குப் போயி இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி? அவனுக்குத் தெரிஞ்சா ஷேர் ஆட்டோல ஏன் ஏத்துனன்னு என்னிய வறுத்துடுவான். வுடு, ஊட்டுக்குப் போயி தைலம் தேச்சிக்கலாம்." அவள் புடவைப் பையை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் உட்கார்ந்து வந்தாள்.

அடுத்த சில வாரங்களில் தலைவலி என்றாள், கண்ணாடி மாற்ற வேண்டும் என்றேன். குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டாள், சிரித்தேன். பகலில் தூங்கினாள், வயசு என்றேன். எரிந்து விழுந்தாள், நானும் எரிந்து விழுந்தேன். அப்போதுதான் நீ பூனேவிலிருந்து வந்தாய், அம்மா உன் பக்கம் என்ற தைரியத்தோடு. சாப்பிட உட்கார்ந்து ஷாலினி பேரை எடுத்ததும் அம்மா தட்டைத் தூக்கி எறிந்தாள். "எவடா அவ? யாரைக் கேட்டுகினு பேசற?" என்று கத்தினாள். உன்னை ஒருநாளும் அதட்டாதவள், பெட்ரூமில் அந்தப் பெண்ணுக்காகப் புடவை வாங்கி வைத்திருக்கிறவள். நீ எழுந்துவிட்டாய். பிறகு, "நீயெல்லாம் ஒரு அம்மாவா? இனி உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாய். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவள் அந்தப் பெண்ணுக்குப் புடவை எடுத்திருக்கிறாள், இவளுக்கு என்னமோ ஆகிவிட்டது, கூட்டிக்கொண்டு போகலாம் என்று சொல்லியிருக்கலாம். புடவையைப் பற்றிச் சொன்னால் எங்கே எடுத்தீர்கள், எதில் போனீர்கள் என்று நீ கேட்பாய் என்று வாயை மூடிக்கொண்டு, சிதறிய சோற்றைக் கூட்டினேன்.

மூன்றாம் நாள் காலையில் அவள் எழவில்லை. நீ விமானம் பிடித்து வந்து சேர்வதற்குள் டாக்டரிடம் பேசியவன் நான் ஒருவன்தான். படத்தில் ஒரு அடுக்குப் பழைய ரத்தம், அதன்மேல் ஒரு அடுக்குப் புது ரத்தம் தெரிகிறது, ஒரு மாதம் ஒன்றரை மாதத்துக்குள் தலையில் அடிபட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். ரத்தம் உறைவதற்கு ஊசி போட்டார்கள், ஓட்டை போட்டு எடுத்தார்கள், மூளை ஏற்கெனவே ரொம்ப அமுங்கிவிட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த நான்காம் நாள் போய்விட்டாள். வெள்ளானூரிலிருந்து வந்த உன் அத்தை, உன் காதுபட, "புள்ள பேசன பேச்சுலதான் அவ மண்டை நரம்பு வெடிச்சிகிச்சு" என்று சொல்லி அழுதாள். நீ சட்டென்று என் முகத்தைப் பார்த்தாய். நான் ஒரு வார்த்தை சொல்வேன் என்று பார்த்தாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த ஒரு குனிவுக்கு இந்த மூன்று வருஷமும் தண்டனை. எனக்கு மட்டும் என்றால் பரவாயில்லை, உனக்கும் அல்லவா வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

அதற்கப்புறம் நீ வீட்டுக்கு வரவில்லை. ஷாலினியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டதைக்கூட போனில்தான் சொன்னாய். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாய், சாப்பிட்டாயா என்பாய், சாப்பிட்டேன் என்பேன், மாத்திரை என்பாய், போட்டேன் என்பேன். அதோடு பேச்சு தீர்ந்துவிடும். போனை வைத்த பிறகு அது கையில் கொஞ்ச நேரம் சூடாக இருக்கும், அது ஆறும்வரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நம் ஃப்ளாட்ஸில் எல்லா வீட்டுக் கதவும் சாத்தித்தான் இருக்கும். எல்லாரும் வேறு ஊர்க்காரர்கள், நல்லவர்கள், பார்த்தால் சிரிப்பார்கள். அம்மாவின் தட்டைத் தினமும் கழுவி வைக்கிறேன், அதில் யாரும் சாப்பிடுவதில்லை. எனக்கு அழுகை வராது என்று நீ சொல்வாய். வருகிறது, நைனா, நன்றாகவே வருகிறது.

அன்றைக்கு உன்னைத் திட்டியது உன் அம்மா இல்லை. அவள் தலைக்குள் அமுக்கிக்கொண்டிருந்த ரத்தம்தான் திட்டியது. குணம் மாறும் என்று இந்த டாக்டர் சொன்னபோது எனக்கு அந்தத் தட்டுதான் நினைவுக்கு வந்தது. அவள் உன்னை வெறுத்துவிட்டுப் போகவில்லை, உன் பேச்சால் போகவும் இல்லை. ஆவடி ஸ்டேஷனில் அவள் கேட்ட கேள்விக்கு நான் சரி என்று சொல்லியிருந்தால், இப்போது எனக்குச் செய்யப்போவதையே அவளுக்கும் செய்து நடக்க வைத்தே அனுப்பியிருப்பார்கள். நிச்சயமாக என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார், ஆனால் பெரும்பாலும் என்று இவர் சொன்னார். இதை ஷாலினிக்கும் படித்துக் காட்டு, அவளும் தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். புடவை பீரோவின் மேல் தட்டில் கடைப் பையோடு இருக்கிறது. நாளைக்கு உங்களுக்குக் குழந்தை பிறந்து, அது எங்கேயாவது மண்டையை இடித்துக்கொண்டு வந்தால், எப்படி இடித்தது என்று திட்டாமல் முதலில் கேள். திட்டினால் அடுத்த தடவை உன்னிடம் சொல்லாது. வாந்தி, விடாத தலைவலி, ஆளை மயக்கும் தூக்கம், உளறல், இதில் எது வந்தாலும் வேறு எதையும் யோசிக்காமல் தூக்கிக்கொண்டு ஓடு.

இந்தக் கடிதத்தை ஆபரேஷன் முடிந்த பிறகு கூரியரில் போடச் சொல்லி மகாவிடம் கொடுப்பதாக இருந்தேன். அப்படி நினைத்துத்தான் முதல் வரியை எழுதினேன். எழுதி முடிக்கும்போதுதான் புரிகிறது, அதுவும் அதே பழக்கம்தான். அவள் சாயங்காலம் வருவாள். எல்லாப் பக்கத்தையும் படம் பிடித்து இன்றைக்கே உனக்கு அனுப்பச் சொல்கிறேன். ஆபரேஷன் நாளை மறுநாள் காலை. நீ வருவதும் வராததும் உன் இஷ்டம். வந்தால் இந்தக் கட்டில் பக்கம் ஒரு நாற்காலி காலியாகவே இருக்கிறது. வரவில்லை என்றாலும் நான் அதைத் தப்பாக நினைக்க மாட்டேன்.

ஆலையில் விபத்து நடந்தால் நிரப்ப ஒரு படிவம் உண்டு. முப்பத்தொரு வருஷத்தில் ஒருமுறைகூட அதை நான் நிரப்பியதில்லை. கட்டங்கள் மட்டும் மனப்பாடம். இன்றைக்கு இந்தத் தாளின் பின்பக்கத்தில் அதைக் கோடு போட்டு நிரப்பியிருக்கிறேன். அடிபட்டவர் என்ற இடத்தில் உன் அம்மாவின் பெயர். இடம், கரையான்சாவடி தாண்டி, ஷேர் ஆட்டோவின் பின் சீட். அடிபட்ட விதம், மேல்கம்பியில் தலை இடித்தது. பார்த்தவர், நான். உடனே தெரிவிக்கப்பட்டதா என்ற இடத்தில், இல்லை. கடைசியில் காரணம் என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும், ஒரு பெயர் எழுதத்தான் இடம் போதும். அதில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரண்டு தடவை சரிபார்த்தேன். உன் பெயர் அந்தத் தாளில் எங்கேயும் இல்லை, நைனா.